சில்லறை வணிகம்

செவ்வாய்க்கிழமை பிள்ளையார் வாசல்,
புதன் மாகிம் மாதா கோயில்,
வியாழன் என்றால் தர்கா.
சாமிகள் கிழமை பிரித்துக்கொண்டதில்
எனக்கு அலைச்சல் மிச்சம்.

ஏழு மணிக்குப் படியோரம் குந்தித்
துண்டை விரிப்பேன்.
பகலெல்லாம் கை நீட்டியவர்கள் வந்து கொட்டுவார்கள்.
நூற்றி இரண்டு ரூபாய்க் காசுக்கு
நூறு ரூபாய் நோட்டு.
அந்தக் காசில் நூறை எண்ணித்
தொண்ணூறடி ரோட்டுப் பான் கடைக்குக் கொடுத்தால்
நூற்றி ஐந்து.
ஐந்தும் இரண்டும் ஏழு.
அந்த ஏழுதான் மாடத்தி.

புதுக் காசும் பழைய காசும் எடை ஒன்றல்ல,
தராசு ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.
சோறு பிசைந்தால் இரும்பு வாடை.
சின்னதில் என் மகள் அதை
அம்மா வாசம் என்பாள்.
இப்போது ஸ்பூன் வாங்கி வைத்திருக்கிறாள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால்
ராம்சுரத் கடையில் அந்தப் பெட்டி வந்தது.
பத்து ரூபாய் வந்துவிட்டது என்று
இந்தியில் ஊரறியக் கத்தும் பெட்டி.
'இனிமே சில்லறை வேண்டாம் அக்கா' என்றான்,
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி,
என் முகத்தைப் பார்க்காமல்.

கட்டிலுக்கடியில் பதினோரு கிலோ காசு.
பணத்தின் மேலேயே படுத்துக்கொண்டு
பட்டினி கிடக்கலாம் என்று
அந்த வாரம் தெரிந்தது.

அடுத்த வியாழன்.
காரிலிருந்து ஒரு பையன் போனை நீட்டி
'கோடு இருக்கா?' என்று கேட்டான்
சாம்பிராணி போடும் ஹமீதிடம்.
ஹமீதுக்கு எந்தக் காகிதத்திலும் பெயர் கிடையாது.
கண்ணாடி மேலேறியது.
ஏறியது கண்ணாடி, உள்ளே போனது பத்து ரூபாய்.
நான் பத்து ரூபாயைத்தான் பார்த்தேன்.

என் பெயர்க் கோட்டைப் பதின்மூன்று நகல் எடுத்தேன்.
அட்டையில் ஒட்டி, கயிறு கோத்து,
பதின்மூன்று கழுத்தில் மாட்டினேன்.
பணம் என் போனுக்கு வரும்,
இரவு கையில் தருவேன்,
ஐம்பதுக்கு ஒரு ரூபாய் எனக்கு.
'மறுபடியும் காசாவா தர்றே?' என்று முனகினார்கள்.
கட்டிலுக்கடியில் இருந்தது
வந்த கைகளுக்கே திரும்பிப் போயிற்று.

யாருக்கு எவ்வளவு என்று
போன் சொல்லாது, அவரவரே சொல்வார்கள்.
கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.
ஒரே ஒரு நாள் நாற்பது ரூபாய் இடித்தது.
யாரென்று தெரியும்.
சொல்ல மாட்டேன்.

பாந்திராவிலிருந்து ஒருவர் வந்தார், நிமித் என்று.
மொழிபெயர்க்க மாட்டுங்காப் பெண் ஒருத்தி கூட.
என்ன தொழில் என்றார்.
'சில்லறை வணிகம்.'
அவள் ஏதோ பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டும்,
நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

ஒரு முக்கோணம் வரைந்தார். பிரமிடாம்.
அடியில் கோடிக்கணக்கான பேர்,
நீங்களும்தான், பெரிய சந்தை என்றார்.
பாடப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
மகள் சொன்னாள்: 'பிரமிடுன்னா சமாதிம்மா.'
மாட்டுங்காப் பெண் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அவர் வந்தது இரண்டாம் நாள்.
என் கணக்கை வங்கி பூட்டி இரண்டாம் நாள்.
இத்தனை பத்து ரூபாய் எங்கிருந்து வருகிறது,
சந்தேகமாக இருக்கிறதாம்.
பதின்மூன்று பேருக்கு ராத்திரி காசு தர வேண்டும்.
கம்மல் சேட்டிடம் இருந்தது,
காதில் விளக்குமாற்றுக் குச்சி.

'என்ன உதவி வேண்டும்?'
'இதைத் திறந்து கொடுங்க சார்.'
அது வேறு துறை என்றார், நிஜமான வருத்தத்தோடு.
போகும்போது தன் பெயர் அட்டையைத் தந்தார்.

தடித்த அட்டை. நனைந்தாலும் சுருளாது.
ஹமீதின் அட்டை போன மழையில் ஊறிக் கிழிந்திருந்தது.
பின்பக்கம் பசை தடவிக்
கோட்டை ஒட்டினேன்.
பூட்டு திறந்தால் உதவும்.

இன்று வியாழன்.